அணுவை எடைபோட்டவர்

காய்ச்சலோடு மருத்துவர் முன் அமரும் ஒருவருக்கு, முதல் இரண்டு நாள்களில் என்ன நோய் என்று உறுதியாகச் சொல்லிவிட முடிவதில்லை. டெங்குவா, இன்ஃபுளுயன்சாவா, கரோனாவா அல்லது பாக்டீரியாவால் வந்த வேறு காய்ச்சலா என்பதை உடல் வெப்பமும் தலைவலியும் பிரித்துக் காட்டுவதில்லை. பாக்டீரியாவை அழிக்கும் மருந்து தீநுண்மியை ஒன்றும் செய்யாது. பொருந்தாத மருந்தை உண்ட நாள்கள் நோயாளிக்கு வீணான நாள்கள். அதோடு, தேவையின்றி விழுங்கப்படும் ஒவ்வொரு ஆன்டிபயாடிக் மாத்திரையும் அந்த மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் பெருகுவதற்கு வழிவிடுகிறது. ஆகவே, எந்தக் கிருமி என்ற கேள்விக்கு விரைவாகவும் பிழையின்றியும் விடை கிடைப்பது உயிரோடு தொடர்புடைய செய்தி.

அந்த விடையைத் தேடும் வழிகளுள் ஒன்று, கிருமியின் உறுப்புகளை எடைபோட்டுப் பார்ப்பது. நிறை நிறமாலைமானி எனப்படும் கருவி அந்த வேலையைச் செய்கிறது. பாக்டீரியாவையும் பூஞ்சையையும் இனங்காண்பதற்கு உலகின் பெரிய மருத்துவமனை ஆய்வகங்களில் அது இன்று அன்றாடக் கருவியாகிவிட்டது. தீநுண்மிகளை இனங்காண்பதில் அது இன்னும் முழு வெற்றி பெறவில்லை. ஆனால், நெருங்கி வந்துகொண்டிருக்கிறது.

இக்கருவிக்கு உருவம் தந்த முன்னோடி ஒரு மருத்துவர் அல்லர். கிருமிகளோடு அவருக்கு இருந்த பழக்கமெல்லாம், இளமையில் ஒரு மதுவடிப்பாலையில் நொதித்தலைக் கவனிக்கும் வேதியியலராகச் சில ஆண்டுகள் பணியாற்றியது மட்டுமே. அவர், 1922-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு பெற்ற ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் வில்லியம் ஆஸ்டன்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரையொட்டிய ஹார்போர்ன் என்னும் ஊரில் 1877 செப்டம்பர் 1-ஆம் நாள் ஆஸ்டன் பிறந்தார். தந்தை உலோக வணிகர், வேளாண்மையும் உண்டு. தாய், துப்பாக்கி செய்யும் தொழில் நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர். உலோகமும் பட்டறையும் கைவேலையும் பேச்சாக இருந்த வீட்டில் வளர்ந்த சிறுவனுக்குக் கருவிகளின் மேல் ஈடுபாடு வந்ததில் வியப்பில்லை. மால்வெர்ன் கல்லூரிப் பள்ளியில் படித்து, 1893-இல் பர்மிங்காமின் மேசன் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரிதான் பின்னாளில் பர்மிங்காம் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. வேதியியலும் இயற்பியலும் கற்ற அவர், தந்தையின் வீட்டிலேயே ஓர் ஆய்வகம் அமைத்துக்கொண்டு ஆய்வுகள் செய்தார்.

வேதியியலில் தேர்ந்தவருக்கு அன்று வேலை கொடுக்கக் காத்திருந்தவை தொழிற்சாலைகளே. 1900-இல் மதுவடிப்பாலைப் பணியில் சேர்ந்தார். பகலில் நொதிக்கும் தொட்டிகள். ஓய்வு நேரத்தில் கண்ணாடிக் குழாய்களும் வெற்றிடப் பம்புகளும். 1895-இல் ராண்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த செய்தி ஐரோப்பாவின் இளைஞர் பலரை இயற்பியலின் பக்கம் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. காற்று நீக்கப்பட்ட குழாய்க்குள் மின்சாரம் பாயும்போது தோன்றும் ஒளியும் இருளும் ஆஸ்டனை ஈர்த்தன. குழாய்களைத் தாமே ஊதிச் செய்தார். 1903-இல் உதவித்தொகை பெற்றுப் பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி அந்த ஆய்வைத் தொடர்ந்தார். எதிர்மின்வாயை ஒட்டி இருக்கும் மெல்லிய இருட்பகுதி ஒன்று இன்றும் அவர் பெயரால் ஆஸ்டன் இருள்வெளி என்றே அழைக்கப்படுகிறது.

1908-இல் தந்தை மறைந்தார். அதன்பின் ஆஸ்டன் உலகப் பயணம் மேற்கொண்டார். ஹவாய்த் தீவில் அலைமேல் பலகையேறிச் சறுக்கும் விளையாட்டையும் கற்றுக்கொண்டார். திரும்பி வந்த சிறிது காலத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து அழைப்பு வந்தது. எலக்ட்ரானைக் கண்டறிந்து உலகப் புகழ் பெற்றிருந்த ஜே.ஜே. தாம்சன், கேவண்டிஷ் ஆய்வகத்தில் தமக்கு உதவியாளராக இருக்கும்படி அவரை அழைத்தார். 1910-இல் ஆஸ்டன் அங்கு பணியைத் தொடங்கியபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. அறிவியலில் பெரிதாக ஏதும் செய்துவிடவில்லை. ஆனால், கண்ணாடியையும் வெற்றிடத்தையும் அடக்கி ஆளும் கை அவருக்கு இருந்தது. தாம்சனுக்குத் தேவைப்பட்டதும் அதுவே.

தாம்சன் அப்போது நேர்மின் கதிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு வாயுவின் அணு எலக்ட்ரானை இழந்தால் அது நேர்மின்னூட்டம் பெற்ற அயனியாகிறது. அந்த அயனிகளை விரைவாக ஓடவிட்டு, மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் குறுக்கே வைத்தால் அவை பாதை வளைகின்றன. இலேசானது அதிகம் வளையும். கனமானது குறைவாக வளையும். வளைந்து வந்து ஒளிப்படத் தகட்டில் மோதும் இடத்தை அளந்தால் அணுவின் நிறையைக் கணக்கிட்டுவிடலாம். தராசில் ஏற்ற முடியாத ஒன்றை, அது வளையும் அளவைக் கொண்டு எடைபோடும் இந்த எளிய எண்ணமே பின்னர் வந்த அத்தனைக்கும் அடித்தளம்.

1912-ஆம் ஆண்டையொட்டி, நியான் வாயுவை இவ்வாறு ஆராய்ந்தபோது தகட்டில் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடுகள் தெரிந்தன. ஒன்று 20 என்ற நிறைக்கு உரியது. மங்கலான மற்றொன்று 22-க்கு உரியது. வேதியியலர் அளந்து வைத்திருந்த நியானின் அணு எடையோ 20.2. அப்படியானால் 22 என்பது யார்? புதிய தனிமமா, நியானும் ஹைட்ரஜனும் சேர்ந்த கூட்டுப்பொருளா, அல்லது ஒரே நியானில் இரு வேறு எடையுள்ள அணுக்களா?

அக்காலத்தில் ஒரு தனிமத்தின் அணுக்கள் அனைத்தும் ஒரே எடை உடையவை என்பது வேதியியலின் ஆணிவேரான நம்பிக்கை. ஜான் டால்டன் காலத்திலிருந்து நூறாண்டுகளாக அது அசையாமல் இருந்தது. கதிரியக்கத் தனிமங்களை ஆராய்ந்த பிரெடெரிக் சாடி மட்டும், வேதியியல் பண்பில் பிரித்தறிய முடியாமல் எடையில் மட்டும் வேறுபடும் அணுக்கள் உண்டு என்று 1913-இல் சொன்னார். தனிம வரிசை அட்டவணையில் ஒரே இடத்தில் அமர்வதால் அவற்றுக்கு ஐசோடோப்பு என்ற பெயரைக் கிரேக்கச் சொற்களிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற பெண் மருத்துவர். ஆனால், கதிரியக்கம் இல்லாத சாதாரணத் தனிமத்திலும் அப்படி இருக்கக்கூடும் என்பதற்குச் சான்று இல்லை.

அந்தச் சான்றைத் தேடி ஆஸ்டன் செய்த வேலை பொறுமைக்கு ஓர் இலக்கணம். இலேசான வாயு நுண்துளைகள் வழியே சற்று வேகமாகக் கசியும் என்ற விதியை வைத்துக்கொண்டு, நியானைச் சுட்ட களிமண் குழாயின் வழியே மீண்டும் மீண்டும் கசியவிட்டார். ஒரு முறை, இரு முறை அல்ல, ஆயிரக்கணக்கான முறை. இறுதியில் கிடைத்த இரு பகுதிகளின் அடர்த்தியைத் தாமே உருவாக்கிய நுண்தராசில் அளந்தபோது, ஒன்று 20.15, மற்றொன்று 20.28. வேறுபாடு ஒரு விழுக்காடுகூட இல்லை. 1913-இல் பர்மிங்காமில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் கழகத்தின் மாநாட்டில் இதனை அறிவித்தார். நம்பலாம் என்று சிலருக்குத் தோன்றியது; ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது என்று எவரும் சொல்ல இயலவில்லை.

அடுத்த ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. ஆய்வகம் ஓய்ந்தது. ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமானத் தொழிற்சாலைக்கு ஆஸ்டன் சென்றார். துணியால் போர்த்தப்பட்ட அக்கால விமானங்களின் சிறகுகளுக்குப் பூசும் பொருள்களை ஆராய்வது அவர் பணி. 1914-இல் ஒரு விமான விபத்தில் சிக்கி உயிர் தப்பினார். அங்கே உடன் பணியாற்றியவர்களுள் ஒருவர், பின்னாளில் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகராக விளங்கிய லிண்டமன். நியானில் ஐசோடோப்புகள் உண்டு என்பதை அவர் ஏற்கவில்லை. எதிர்வாதங்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். தம் சான்றில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதை அந்த வாதங்கள் ஆஸ்டனுக்குக் காட்டிக்கொடுத்தன. ஐயப்படுபவரைப் பகைவராகக் கொள்ளாமல் துணையாகக் கொண்டது அவருடைய நல்லூழ். போர் முடிந்து கேம்பிரிட்ஜ் திரும்பும்போது அவர் மனத்தில் புதிய கருவியின் வடிவம் இருந்தது.

தாம்சனின் கருவியில் ஒரு குறை உண்டு. ஒரே எடையுள்ள அணுக்கள் வெவ்வேறு வேகத்தில் வருவதால் அவை தகட்டில் ஒரு வளைகோடாகச் சிதறின. சிதறியதால் மங்கின. ஆஸ்டன் முதலில் மின்புலத்தால் கதிரை ஒரு பக்கம் வளைத்தார். பின்னர் காந்தப்புலத்தால் எதிர்ப்பக்கம் வளைத்தார். மின்புலத்தில் வேகத்தால் பிரிந்து விரிந்த அயனிகள், காந்தப்புலத்தில் மீண்டும் நெருங்கி வந்து ஒரே புள்ளியில் குவிந்தன. ஒரு வில்லை ஒளியைக் குவிப்பது போன்றது இது. எந்த வேகத்தில் வந்தாலும் ஒரே எடையுள்ளவை ஒரே இடத்தில் விழுந்தன. 1919-இல் இயங்கத் தொடங்கிய அக்கருவி, ஆயிரத்தில் ஒரு பங்கு வரை துல்லியமாக நிறையைச் சொன்னது. அதே காலத்தில் அமெரிக்காவின் சிகாகோவில் ஆர்தர் டெம்ப்ஸ்டர் வேறொரு முறையில் இத்தகைய கருவியை உருவாக்கியிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைய கருவிகளுக்கு இவர்கள் இருவருமே முன்னோடிகள்.

நியான் ஐயமின்றி 20, 22 என்று பிரிந்து நின்றது. அடுத்துக் குளோரின். அதன் அணு எடை 35.46 என்பதை வேதியியல் மாணவர் அனைவரும் அறிவர். தகட்டில் 35-இல் ஒரு கோடு, 37-இல் ஒரு கோடு, 35.46-இல் ஒன்றுமே இல்லை. நூறாண்டுகளாக வேதியியலர் அளந்து வந்த அந்த எடை உடைய குளோரின் அணு உலகில் ஒன்றுகூட இல்லை. அது வெறும் சராசரி. வில்லியம் ப்ரௌட் என்ற லண்டன் மருத்துவர், எல்லா அணு எடைகளும் ஹைட்ரஜனின் முழு மடங்குகளே என்று 1815-இல் கருதினார். குளோரின் போன்றவற்றின் பின்ன எடைகளைக் காட்டித்தான் உலகம் அவர் கருத்தைப் புறந்தள்ளியது. அணுக்களின் நிறைகள் ஏறத்தாழ முழு எண்களே என்று ஆஸ்டன் காட்டியபோது, நூறாண்டுக்கு முன் தோற்ற மருத்துவரின் உள்ளுணர்வுக்குப் பாதி வெற்றி கிடைத்தது.

ஒவ்வொரு தனிமமாக எடுத்துக்கொண்டார் ஆஸ்டன். இயற்கையில் கிடைக்கும் ஐசோடோப்புகளுள் 212-ஐ அவர் இனங்கண்டார். 1921-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1922-இல் நோபல் பரிசு. அதே ஆண்டில்தான், முந்தைய ஆண்டுக்கு உரிய பரிசு சாடிக்கும் வழங்கப்பட்டது. கருத்தைச் சொன்னவரும் அதற்குக் கண்கூடான சான்று தந்தவரும் ஒரே ஆண்டில் சிறப்பிக்கப்பட்டனர்.

ஹைட்ரஜன் மட்டும் முழு எண்ணுக்கு அடங்கவில்லை. அதன் நிறை 1.008. நான்கு ஹைட்ரஜன் சேர்ந்து ஒரு ஹீலியம் ஆகுமானால் 4.032 இருக்க வேண்டும். இருப்பதோ ஏறத்தாழ 4. ஆயிரத்தில் எட்டுப் பங்கு எங்கே போயிற்று? வானியலறிஞர் ஆர்தர் எடிங்டன் 1920-இலேயே அந்தக் கேள்வியைப் பற்றிக்கொண்டார். காணாமற்போன அந்த நிறைதான் ஐன்ஸ்டைன் சொன்னபடி ஆற்றலாகிச் சூரியனையும் விண்மீன்களையும் எரிய வைக்கிறது என்று அவர் ஊகித்தார். காலம் அதை மெய்ப்பித்தது. அந்த ஆற்றல் மனிதன் கைக்கு எட்டினால் அளவற்ற வளமும் வரலாம், கட்டுக்கடங்காத அழிவும் வரலாம் என்பதை ஆஸ்டன் தம் நோபல் உரையிலேயே சுட்டிக்காட்டினார்.

அவரிடம் பிழைகளும் உண்டு. பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கும் இரண்டாவது கருவியைக் கொண்டு 1927-இல் ஹைட்ரஜனின் நிறையை மீண்டும் வெளியிட்டார். ஆக்சிஜனில் ஐசோடோப்பு இல்லை என்றே அவர் எண்ணியிருந்தார். 1929-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆக்சிஜனுக்கும் ஐசோடோப்புகள் உண்டு என்று கண்டறிந்தபோது, ஆஸ்டனின் ஹைட்ரஜன் கணக்கோடு பிற கணக்குகள் பொருந்தவில்லை. அந்த இடைவெளியை நிரப்பக் கனமான ஹைட்ரஜன் ஒன்று இருக்க வேண்டும் என்று கருதித் தேடிய ஹெரால்டு யூரி, 1931-இல் டியூட்டீரியத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு நோபல் பரிசும் பெற்றார். சில ஆண்டுகள் கழித்து, ஆஸ்டனின் அந்த அளவீட்டிலேயே சிறு பிழை இருந்தது தெரிய வந்து, அவரே அதைத் திருத்தினார். பிழையான ஓர் எண்ணை நம்பித் தேடியவருக்கு உண்மையான புதையல் கிடைத்தது. எந்த எண்ணையும் அதன் பிழை எல்லையோடு சேர்த்து வெளிப்படையாக வைத்தால், அதன் குறைகூட அறிவியலுக்குப் பயன்படும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆஸ்டன் மணம் செய்துகொள்ளவில்லை. டிரினிட்டி கல்லூரி அறையிலேயே வாழ்ந்தார். ஆய்வகத்தில் பெரும்பாலும் தனித்தே உழைத்தார். பனிச்சறுக்கு, டென்னிஸ், கோல்ஃப், மிதிவண்டிப் பயணம், மோட்டார் பந்தயம் என்று விளையாட்டில் அவர் கைவைக்காத துறை குறைவு. பியானோவும் வயலினும் செல்லோவும் வாசித்தார். சூரிய கிரகணத்தைக் காணும் குழுக்களோடு சுமத்ராவுக்கும் கனடாவுக்கும் ஜப்பானுக்கும் சென்றார். 1945 நவம்பர் 20-ஆம் நாள், தமது அறுபத்தெட்டாம் வயதில், கேம்பிரிட்ஜில் மறைந்தார். தம் செல்வத்தில் பெரும்பகுதியை டிரினிட்டி கல்லூரிக்கும் அறிவியல் பணிகளுக்கும் விட்டுச்சென்றார்.

அவர் மறைவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது. அதில் இருந்த யுரேனியம்-235-ஐச் செறிவூட்டிய வழிகளுள் ஒன்று, அயனிகளைக் காந்தப்புலத்தில் வளைத்து எடைவாரியாகப் பிரிப்பது. அவர் எச்சரித்த இரு வழிகளுள் அழிவின் வழியே முதலில் திறந்தது. நோய் நாடும் வழி திறப்பதற்கு மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

தாமதத்துக்குக் காரணம் இருந்தது. இக்கருவியில் எடைபோட வேண்டுமானால், பொருள் முதலில் ஆவியாகவும் மின்னூட்டம் பெற்றதாகவும் இருக்க வேண்டும். நியான் பிறப்பிலேயே வாயு. புரதம் அப்படியன்று, சூடாக்கினால் ஆவியாகும் முன்பே சிதைந்துவிடும். 1980-களில் இதற்கு இரு வழிகள் பிறந்தன. அமெரிக்கரான ஜான் ஃபென், புரதக் கரைசலை மின்னூட்டப்பட்ட மெல்லிய சாரலாகத் தெளித்து, நீர் ஆவியானபின் புரத அயனி மட்டும் எஞ்சும்படி செய்தார். ஜப்பானின் ஷிமாட்சு நிறுவனத்தில் பணியாற்றிய இளம் பொறியாளர் கோய்ச்சி தனாகா, புரதத்தை வேறொரு பொருளோடு கலந்து அதன்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால் புரதம் சிதையாமல் மேலெழும் என்று காட்டினார். தவறுதலாகக் கோபால்ட் தூளில் கிளிசரினைக் கலந்துவிட்டு, அதை எறிய மனமில்லாமல் சோதித்துப் பார்த்ததில் பிறந்த வெற்றி அது. ஜெர்மானியர்களான ஹில்லன்காம்பும் கராசும் லேசர் முறையைச் செம்மைப்படுத்தி, இன்றைய மருத்துவமனைகளில் உள்ள வடிவத்துக்கு வழிவகுத்தனர். ஃபென்னும் தனாகாவும் 2002-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பாக்டீரியாவை இனங்காண்பது இப்போது எளிது. வளர்ப்புத் தட்டில் முளைத்த கிருமித் திட்டிலிருந்து சிறிது எடுத்து எஃகுத் தகட்டில் தடவி, லேசரால் சுட்டால், அதன் புரதங்கள் அயனிகளாகி ஒரு வெற்றுக் குழாயில் பறக்கின்றன. இலேசானவை முந்துகின்றன, கனமானவை பிந்துகின்றன. வந்துசேரும் நேரத்தைக் கொண்டு நிறைகளின் வரிசை கிடைக்கிறது. அது அந்தக் கிருமியின் கைரேகை. கணினியில் சேர்த்துவைத்த கைரேகைகளோடு ஒப்பிட்டால் சில நிமிடங்களில் பெயர் தெரிந்துவிடும்.

தீநுண்மி அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. அதனிடம் இருக்கும் புரத வகைகள் சில மட்டுமே. அதுவும் நம் உயிரணுவுக்குள் புகுந்தே பெருகுகிறது. மூக்கிலிருந்து எடுத்த சளி மாதிரியில் நிறைந்திருப்பவை மனிதப் புரதங்கள். தீநுண்மியின் புரதம் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த குழந்தைபோல எங்கோ நிற்கும். ஆகவே ஆய்வாளர்கள் மூன்று வழிகளில் முயல்கின்றனர்.

முதல் வழி, தீநுண்மியின் மரபுப்பொருளில் ஒரு துண்டை பிசிஆர் முறையில் பெருக்கி, அத்துண்டை எடைபோடுவது. மரபெழுத்துகளான அடினின், குவானின், சைட்டோசின், தைமின் ஆகிய நான்கும் நான்கு வேறு எடைகள் கொண்டவை. துண்டின் மொத்த எடையைத் துல்லியமாக அறிந்தால், அதில் எந்த எழுத்து எத்தனை என்று கணக்கிட்டுவிடலாம். அதிலிருந்து தீநுண்மியின் வகையையும் திரிபையும் ஊகிக்கலாம். இரண்டாவது வழி, மாதிரியிலுள்ள புரதங்களை நொதியால் நறுக்கி, குறிப்பிட்ட தீநுண்மிக்கு மட்டுமே உரிய பெப்டைடு துண்டுகளைத் தேடுவது. 2020-இல் கரோனா பெருந்தொற்றின்போது பல நாடுகளின் ஆய்வகங்கள் அத்தீநுண்மியின் உட்கருவுறைப் புரதத்தை இவ்வாறு தேடிக் கண்டன. மூன்றாவது வழி, தொற்றினால் நம் உடலின் புரதங்களில் ஏற்படும் மாற்றத்தையே ஒரு கைரேகையாகக் கொண்டு, கணினியைப் பயிற்றுவித்து இனங்காண்பது.

இரண்டாவது வழியில்தான் ஆஸ்டனின் கை நேரடியாகத் தெரிகிறது. மாதிரியில் தீநுண்மிப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதற்கு, அதே பெப்டைடைக் கனமான கார்பன்-13, நைட்ரஜன்-15 ஆகிய ஐசோடோப்புகளால் செய்து, அறிந்த அளவில் கலந்துவிடுகிறார்கள். பண்பில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். எடையில் மட்டும் சிறு வேறுபாடு. திரையில் அருகருகே எழும் இரு கோடுகளின் உயரத்தை ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும். 1919-இல் தகட்டில் அருகருகே தெரிந்த நியானின் இரு கோடுகள்தாம், நூறாண்டு கழித்து நோயை அளக்கும் படிக்கற்களாக வந்து நிற்கின்றன.

தீநுண்மியை முழுதாகவே பறக்கவிட்டவர்களும் உண்டு. புகையிலையில் தேமல் நோயை உண்டாக்கும் தீநுண்மியை, ஃபென் வகுத்த சாரல் முறையில் அயனியாக்கிக் கருவியின் வெற்றிடத்தில் செலுத்தி, மறுமுனையில் பிடித்துச் செடியில் தடவிப் பார்த்தனர் 1996-இல் அமெரிக்க ஆய்வாளர்கள். செடிக்கு நோய் வந்தது. நான்கு கோடி ஹைட்ரஜன் அணுக்களின் எடைக்கு ஈடான அந்த உயிர்த்துகள், ஆஸ்டனின் வழியில் பயணம் செய்தும் சிதையவில்லை.

இவற்றைக் கண்டு, பிசிஆர் பரிசோதனையின் காலம் முடிந்தது என்று சொல்லிவிடக் கூடாது. பிசிஆர் மரபுப்பொருளைப் பன்மடங்காகப் பெருக்கிப் பார்க்கிறது. புரதத்தை அவ்வாறு பெருக்கும் வழி இல்லை. தொற்றின் தொடக்கத்தில் தீநுண்மி மிகக் குறைவாக இருக்கும்போது எடைபோடும் முறை அதைத் தவறவிடக்கூடும். தவறவிட்டால், நோயற்றவர் என்ற சான்றோடு நோயாளி வீடு திரும்புவார். கருவியின் விலையும், அதை இயக்கத் தேவையான பயிற்சியும் சிறிய ஊர்களுக்கு எட்டாதவை. அதேநேரம், பிசிஆர் நாம் எதைத் தேடுகிறோமோ அதை மட்டுமே காட்டும். எதைத் தேடுவது என்றே தெரியாத புதிய தொற்று வரும்போது, பரந்து நோக்கும் இன்னொரு கண் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்று அன்று, துணை.

நமக்கு இதில் கற்க வேண்டியவை இரண்டு. கருவி சொல்லும் விடை, அதன் நினைவில் நாம் சேர்த்துவைத்த கைரேகைகளைப் பொறுத்தது. அயல்நாட்டில் தொகுத்த கைரேகைகளை மட்டும் நம்பினால், நம் மண்ணின் கிருமிகள் அதற்கு முகமறியாதவையாகவே இருக்கும். கருவியை விலைக்கு வாங்குவதோடு கடமை முடிவதில்லை; நம் மருத்துவக் கல்லூரிகளும் ஆய்வு நிறுவனங்களும் இங்குள்ள கிருமிகளின் தொகுப்பைத் தாமே உருவாக்கிப் பேண வேண்டும்.

இரண்டாவது, ஆஸ்டனின் வாழ்க்கையே சொல்வது. நியானின் எடை 20.2 ஆக இருப்பது ஏன் என்ற கேள்விக்கு 1913-இல் சந்தையில் ஒரு காசும் பெறுமதி இல்லை. அதற்காக ஒருவர் ஒரு வாயுவை ஆயிரக்கணக்கான முறை களிமண் குழாயில் கசியவிட்டார். ஒரு பல்கலைக்கழகம் அவரைப் பயன் கேட்டுத் துரத்தாமல் விட்டுவைத்தது. இன்று ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கும் இளைஞரிடம், மூன்றாண்டுகளில் இதனால் என்ன பயன் விளையும் என்று கேட்கும் படிவத்தை நீட்டுகிறோம். அந்தப் படிவத்தை ஆஸ்டனால் நிரப்பியிருக்க முடியாது. நிரப்பச் சொல்லியிருந்தால், ஒரு காய்ச்சல்காரரின் சளியில் ஒளிந்திருக்கும் தீநுண்மியை எடைபோட்டுக் காணும் வழியையும் நாம் இழந்திருப்போம்.